பெயரை இரவல் கொடுத்த தளபதி

2023 ஜனவரி இறுதியில், அதானி குழுமத்தைப் பற்றி அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளியிட்ட அறிக்கையின் பயனாக, 'ஹிண்டன்பர்க்' என்ற பெயர் காரைக்குடியின் டீக்கடைகள் வரைக்கும் வந்து சேர்ந்தது. பங்குச் சந்தையைக் காலையும் மாலையும் கவனிக்கிறவர்கள் நிறைந்த ஊர் இது என்பதால், சில வாரங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லாமல் இங்கே பேச்சே நடக்கவில்லை. அந்த நிறுவனம் தன் பெயரை எடுத்துக்கொண்டது, 1937 மே 6ஆம் நாள் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் தரையிறங்கும் வேளையில் தீப்பற்றி எரிந்து 36 உயிர்களைப் பலிகொண்ட ஜெர்மானிய ஆகாயக் கப்பலிடமிருந்து. அந்தக் கப்பல் தன் பெயரைப் பெற்றது ஒரு படைத்தலைவரிடமிருந்து. தளபதியாக இருந்து ஜெர்மனியின் குடியரசுத் தலைவரான அந்த மனிதரைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் எழுதிக்கொள்ளவில்லை. ஹிட்லரைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வரியில் வந்து, அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்துவிட்டு மறைந்துபோகிறவராகவே அவர் நமக்குத் தெரிந்திருக்கிறார்.

எனக்கு அவர்மேல் அக்கறை வந்ததற்குக் காரணம் பர்மா. எங்கள் ஐயா ஐராவதிக் கழிமுகத்து ஊர் ஒன்றில், முதலாளிக்காகக் கடை நடத்தும் மேலாளாக இருந்தவர். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பிறகு, கடையையும் கணக்கையும் அப்படியே போட்டுவிட்டு, மலையும் காடுமான வழியில் நடந்து இந்தியா வந்து சேர்ந்த பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். ஜப்பானின் போருக்குத் தனிக் காரணங்கள் இருந்தன என்பதை நான் அறிவேன். ஆனால் ஐரோப்பாவில் பிரான்ஸ் விழுந்து, பிரிட்டன் தன் கரையைக் காப்பதற்கே போராடிக்கொண்டிருந்த நிலை வராமல் இருந்திருந்தால், தென்கிழக்கு ஆசியா அவ்வளவு எளிதாகக் கைமாறியிருக்காது. அந்த நிலையைக் கொண்டுவந்தவனை ஆட்சியில் அமர்த்தியது யாருடைய கையெழுத்து என்று தேடிப்போனால், எண்பத்தைந்து வயது முதியவர் ஒருவரின் மேசையில் போய் நிற்கிறோம்.

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற என் அண்ணன் மகன் அண்மையில் கேட்டான்: "சித்தப்பா, வயதான காலத்தில் அவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதானே?" பாடப் புத்தகங்கள் பலவும் அப்படித்தான் சொல்லிவிட்டு நகர்கின்றன. அவனிடம் நான் மறுத்துச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். அவர் ஏமாந்தவர் அல்லர். தம் பெயருக்கு இருந்த மதிப்பை நன்கு அறிந்து, அதை வாழ்நாள் முழுவதும் காத்து, வேண்டியபோது பிறருக்கு இரவல் கொடுத்து, கணக்குக் கேட்கும் வேளையில் விலகி நின்றவர்.

பால் ஃபான் ஹிண்டன்பர்க் 1847 அக்டோபர் 2ஆம் நாள், இன்று போலந்தில் உள்ளதும் அன்று பிரஷ்யாவுக்கு உட்பட்டிருந்ததுமான போசன் நகரில் பிறந்தார். தந்தை பிரஷ்யப் படை அதிகாரி, தாய் ஒரு மருத்துவரின் மகள். பதினோரு வயதில் படைப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர், 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான கோனிக்கிராட்ஸ் போரில், தலைக்கவசத்தைத் துளைத்துச் சென்ற குண்டிலிருந்து உயிர் தப்பினார். பிரான்ஸைத் தோற்கடித்து, 1871 ஜனவரி 18இல் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டபோது, தம் படைப்பிரிவின் சார்பில் அங்கே நின்றார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் ஒழுங்காக, பெரிய புகழும் பெரிய பழியும் இல்லாமல் பணி உயர்ந்து, 1911இல் ஓய்வு பெற்று ஹனோவர் நகரில் குடியேறினார். அவருடைய வாழ்க்கை அத்துடன் முடிந்திருந்தால் ஜெர்மனியிலேயே யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

1914 ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் கிழக்குப் பிரஷ்யாவுக்குள் நுழைந்தன. அங்கே பொறுப்பிலிருந்த தளபதி பிரிட்விட்ஸ் அஞ்சிப் பின்வாங்க நினைத்தபோது, தலைமைக் கட்டளையகம் அவரை நீக்கிவிட்டு, அறிவும் வேகமும் மிகுந்த எரிக் லூடன்டார்ஃபை அனுப்பத் தீர்மானித்தது. ஆனால் அவர் பதவியிலும் வயதிலும் இளையவர். அவருக்கு மேலே மூத்த தளபதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதற்காக ஹனோவருக்குத் தந்தி போயிற்று, 'நான் தயார்' என்று பதில் வந்தது. விடிவதற்கு முன்பான இருட்டில் ஹனோவர் ரயில் நிலைய மேடையில், புதிய களச் சீருடை கைவசம் இல்லாததால் பழைய நீல நிறச் சீருடையை அணிந்துகொண்டு, அறுபத்தாறு வயது ஹிண்டன்பர்க் லூடன்டார்ஃபின் சிறப்பு ரயிலுக்காகக் காத்து நின்றார். அதுவரை அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. அடுத்த நான்கு ஆண்டுகள் ஜெர்மனியின் தலைவிதியை எழுதப்போகிற இரட்டையர் ஒன்று சேர்ந்த இடம் அந்த ரயில்மேடை.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள், அந்தப் படையின் செயல்முறை அதிகாரியாக இருந்த மாக்ஸ் ஹாஃப்மன் படைகளை ரயிலில் தெற்கே திருப்பி, சாம்சோனவ் என்ற ரஷ்யத் தளபதியின் படையைச் சூழ்ந்துகொள்ளும் வேலையைப் பெரும்பாலும் தொடங்கிவிட்டிருந்தார். ரஷ்யர்கள் தங்கள் கட்டளைகளைச் சங்கேத எழுத்தில்லாமல் கம்பியில்லாத் தந்தியில் வெளிப்படையாக அனுப்பியதால், ஜெர்மானியருக்கு எதிரியின் அடுத்த நகர்வு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 26 முதல் 30 வரை நடந்த அந்தப் போரில் ஏறத்தாழ 92,000 ரஷ்ய வீரர்கள் சிறைப்பட்டனர், சாம்சோனவ் காட்டுக்குள் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். 1410இல் ஜெர்மானிய வீரமரபினர் போலந்து, லித்துவேனியப் படைகளிடம் தோற்ற களத்தின் பெயரான டானென்பர்க் என்பதையே இந்த வெற்றிக்கும் சூட்டினார்கள். ஐந்நூறு ஆண்டுப் பழி தீர்ந்தது என்று நாடு கொண்டாடியது.

இந்த வெற்றியில் ஹிண்டன்பர்க்கின் பங்கு எவ்வளவு என்பது அன்றிலிருந்தே சர்ச்சைதான். பின்னாளில் அந்தக் களத்தைப் பார்க்க வந்தவர்களிடம் ஹாஃப்மன், தளபதி போருக்கு முன்பு உறங்கிய இடம் இது, போருக்குப் பின்பு உறங்கிய இடம் இது, போர் நடந்தபோது உறங்கிய இடமும் இதுவே என்று சொல்லிக் காட்டியதாக ஒரு செய்தி உண்டு. அது கசப்பில் வந்த பேச்சு. போரின் நடுவே லூடன்டார்ஃப் பதறியபோது அசையாமல் நின்றவர் ஹிண்டன்பர்க்தான் என்பதைப் பல வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பதறாமல் இருப்பது சிறிய திறமை அல்ல என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் திட்டமிட்டவர் ஒருவர், நடத்தியவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்ற வழக்கம் அங்கேதான் தொடங்கியது. அது கடைசி நாள் வரை மாறவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கோகோஸ் தீவருகே அழிக்கப்பட்டது. அதற்கு முன் செப்டம்பர் 22இல் அது சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டதைத் தமிழ்நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்ததை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. பினாங்கில் நகரத்தாரின் கடையும் தங்குமிடமும் சேர்ந்த கிட்டங்கிகள் இருந்த தெருவுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. நம்முடைய நினைவில் ஜெர்மனி என்றால் எம்டனாக இருந்த அதே மாதங்களில், ஜெர்மானியருக்கு ஜெர்மனி என்றால் ஹிண்டன்பர்க்காக ஆகிக்கொண்டிருந்தது.

எந்த அளவுக்கு என்றால், 1915 செப்டம்பரில் பெர்லின் நகரின் நடுவே ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் அவருக்கு ஒரு மரச் சிலை நிறுத்தினார்கள். மக்கள் பணம் கட்டி ஆளுக்கொரு ஆணியை வாங்கி அந்த மரத்தில் அறையலாம். இரும்பு ஆணிக்கு ஒரு விலை, வெள்ளி ஆணிக்கு அதைவிடக் கூடுதல், தங்க ஆணிக்கு மிக அதிகம். வந்த பணம் போர் நிதிக்கும் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் போகும் என்று ஏற்பாடு. ஏணி வைத்து ஏறி, சுத்தியலால் அறைந்து, மரத் தளபதியை இரும்புத் தளபதியாக்குவது ஒரு நாட்டுக்கடமை ஆயிற்று. ஊருக்குப் பேரரசர் ஒருவர் இருக்கும்போதே, உயிரோடு இருக்கும் ஒரு தளபதிக்கு இப்படிச் சிலை எழுந்ததைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரின் பெயர் தேயத் தேய, இவர் பெயர் வளர்ந்தது.

1916 ஆகஸ்ட் 29இல் ஹிண்டன்பர்க் முழுப் படைக்கும் தலைமைத் தளபதியானார், லூடன்டார்ஃப் அவருக்குத் துணை. அடுத்த இரண்டு ஆண்டுகள் நாட்டை உண்மையில் ஆண்டவர்கள் இவர்கள் இருவரும்தான். ஆயுத உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்துக்கு ஹிண்டன்பர்க் பெயரையே வைத்தார்கள். அதற்காக 17 முதல் 60 வயது வரையிலான ஆண்களைக் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரும் சட்டம் வந்தது, பெல்ஜியத்திலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் பிடித்துவரப்பட்டார்கள். உருளைக்கிழங்கு பொய்த்து மக்கள் மாட்டுத் தீவனமான டர்னிப்பைத் தின்று பசியாறிய குளிர்காலம் அந்த 1916–17. 1917 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள், ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. தங்களுக்கு ஒத்துவராத தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக்கை, பதவி விலகுவோம் என்று மிரட்டியே ஜூலையில் வெளியேற்றினார்கள். 'நான் விலகுகிறேன்' என்று ஹிண்டன்பர்க் சொன்னால் மறுத்துப் பேசப் பேரரசராலும் முடியவில்லை. அந்தப் பெயரின் விலை அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

1918 செப்டம்பர் 29இல் அவர்களே பேரரசரிடம் சென்று, போர் தோற்றுவிட்டது, உடனே போர்நிறுத்தம் வேண்டும் என்றார்கள். ஆனால் நவம்பர் 11இல் கோம்பியேன் காட்டில் ரயில் பெட்டிக்குள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஜெர்மானியக் குழுவின் தலைவர், தளபதி அல்லர், மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. விதிகளைத் தளர்த்த முடியாவிட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடும்படி அவருக்குச் செய்தி அனுப்பியவர் ஹிண்டன்பர்க். எர்ட்ஸ்பெர்கரை 1921இல் வலதுசாரி வெறியர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த மனிதரை எனக்கு முழுமையாக விளக்கிய நிகழ்ச்சி 1919 ஜூனில் நடந்தது. வெர்சாய் ஒப்பந்தத்தை ஏற்பதா, மீண்டும் போரிடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நாள். பேரரசர் முடி துறந்தபின் வந்த புதிய குடியரசின் தலைவர் ஃபிரீட்ரிக் எபர்ட், படையால் எதிர்த்து நிற்க முடியுமா என்று கேட்கக் கோல்பெர்க்கிலிருந்த தலைமையகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். முடியாது என்பது ஹிண்டன்பர்க்குக்கு ஐயமறத் தெரியும், லூடன்டார்ஃபின் இடத்துக்கு வந்திருந்த தளபதி குரோனரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அழைப்பு வரும் நேரம் பார்த்து அவர் அறையைவிட்டு வெளியே போய்விடுகிறார். 'முடியாது' என்ற அந்தச் சொல்லைச் சொன்ன வாய் குரோனருடையது, பழியும் அவருக்கே. ஹிண்டன்பர்க் திரும்பி வந்து, பெரிய பாரத்தைச் சுமந்தீர்கள் என்ற பொருளில் அவருக்கு ஆறுதல் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நான் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் முகப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கதவு திறந்து மூடியதே முன்னோட்டம் என்று எனக்குத் தோன்றிற்று.

அதே ஆண்டு நவம்பர் 18இல், தோல்விக்குக் காரணம் என்ன என்று விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் வந்தார். கேட்ட கேள்வியைப் பொருட்படுத்தாமல், எழுதிக் கொண்டுவந்த அறிக்கையைப் படித்தார். படை தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்றார், அதை ஓர் ஆங்கிலேயத் தளபதியே சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டார். போர்நிறுத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அவரே. இருந்தும், டானென்பர்க் வெற்றியாளரின் வாயிலிருந்து வந்ததால் அந்தப் பொய் கோடிக்கணக்கான மக்களுக்கு உண்மையாயிற்று. முதுகில் குத்தியவர்கள் யார் என்ற இடத்தில் சோஷலிஸ்டுகளையும் யூதர்களையும் வைத்து நிரப்பும் வேலையை மற்றவர்கள் செய்துகொண்டார்கள். அவர் விட்டுச் சென்றவற்றுள் மிகக் கொடியது எதுவென்று என்னைக் கேட்டால், 1933க்கும் முன்பே வந்த இந்தச் சாட்சியத்தைத்தான் சொல்வேன்.

எபர்ட் 1925 பிப்ரவரியில் இறந்தார். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், வலதுசாரிக் கட்சிகள் ஹனோவரிலிருந்த எழுபத்தேழு வயது தளபதியை இரண்டாம் சுற்றுக்கு இறக்கின. ஏப்ரல் 26இல் அவருக்குக் கிடைத்தவை 1 கோடியே 46 லட்சம் வாக்குகள். மையக் கட்சியின் வில்ஹெல்ம் மார்க்ஸுக்கு 1 கோடியே 37 லட்சம், கம்யூனிஸ்ட் எர்ன்ஸ்ட் டேல்மனுக்கு 19 லட்சம். தோற்பது உறுதி என்று தெரிந்தும் டேல்மன் நின்றார், மார்க்ஸைப் போலவே கத்தோலிக்கர்களின் கட்சியாக இருந்தும் பவேரிய மக்கள் கட்சி ஹிண்டன்பர்க்கை ஆதரித்தது. இந்த இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் முடிவு வேறாகியிருக்கும். நம்முடைய தேர்தல்களில் வாக்குப் பிரிவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

முதல் ஐந்து ஆண்டுகளில் அவர் அரசமைப்பை மீறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முடியாட்சி மீது பற்றுக் கொண்டவராக இருந்தும், குடியரசுக்குச் செய்த சத்தியத்தைக் காத்தார். மேற்கு எல்லைகளை ஏற்றுக்கொண்ட லோகார்னோ ஒப்பந்தம், சர்வதேச சங்கத்தில் ஜெர்மனி சேர்ந்தது, போர் இழப்பீட்டைக் குறைத்த யங் திட்டம் எல்லாவற்றுக்கும் தம் நண்பர்களின் எதிர்ப்பையும் மீறி ஒப்புதல் தந்தார். இந்தக் கிழவர் இருக்கும்வரை குடியரசுக்கு ஆபத்தில்லை என்று எதிர்த்து வாக்களித்தவர்களே நம்பத் தொடங்கினார்கள்.

பிறகு வந்தது பெருமந்தம். அதைச் செட்டிநாடு மறக்க முடியாது. 1930இல் நெல் விலை விழுந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை, அடமான நிலங்கள் கைக்கு வந்தன. கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காட்டை எட்டியது. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டிலுள்ள மரப்பெட்டகத்தில் அந்தக் காலத்துப் பேரேடு ஒன்று இருக்கிறது. பழுப்பேறிய தாளில், பர்மியப் பெயர்களைத் தமிழில் எழுதி, எதிரே வரவேண்டிய பாக்கியையும் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் 'நிலம் எடுத்தது' என்று சிற்றெழுத்தில் குறித்திருக்கிறார்கள். ரொக்கம் கேட்டவருக்கு நிலம் வந்தது, நிலம் இழந்தவருக்குப் பகை வந்தது. அதே மந்தம் ஜெர்மனியில் 1932 தொடக்கத்தில் 60 லட்சம் பேரை வேலையில்லாதவர்களாக்கியது. இங்கே கசப்பு பேரேட்டின் ஓரத்தில் நின்றது, அங்கே அது வாக்குப் பெட்டிக்குள் போயிற்று.

நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை சேராதபோது, அரசமைப்பின் 48ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு அவசர ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தந்திருந்தது. 1930 மார்ச்சில் தலைமை அமைச்சரான ஹைன்ரிஷ் புரூனிங், நாடாளுமன்றத்தைச் சார்ந்து நிற்காமல் அந்த அதிகாரத்தைக் கொண்டே ஆண்டார். சம்பளத்தைக் குறைக்கவும் வரியைக் கூட்டவும் உதவித்தொகையை வெட்டவும் ஆணைகள் வந்துகொண்டே இருந்தன. 1931இல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆணைகளில் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்டார். 1930 செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 107 இடங்களைப் பிடித்தார்கள். மக்களாட்சி இறந்த நாளை 1933இல் குறிக்கிறோம், ஆனால் சட்டசபை இல்லாமலே நாட்டை ஆளலாம் என்ற பழக்கம் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே இவர் பேனாவால் வந்துவிட்டது.

1932இல் ஹிட்லரைத் தடுப்பதற்காக, ஏழு ஆண்டுகளுக்கு முன் இவரை எதிர்த்த சமூக ஜனநாயகக் கட்சியும் மையக் கட்சியும் இவரையே ஆதரித்தன. ஏப்ரல் 10இல் இவர் 53 விழுக்காடும் ஹிட்லர் 36.8 விழுக்காடும் பெற்றார்கள். வாக்களித்தவர்களுக்கு நன்றி சொல்வதற்குப் பதிலாக, சோஷலிஸ்டுகளும் கத்தோலிக்கர்களும் தம்மைத் தேர்ந்தெடுத்ததை இவர் இழுக்காகக் கருதினார். தமக்காக ஊர் ஊராகப் பேசித் திரிந்த புரூனிங்கை ஐம்பது நாளில் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பின்னால் கிழக்குப் பிரஷ்ய நிலக்கிழார்களின் கோபம் இருந்தது, நொடித்துப்போன பெரும் பண்ணைகளை எடுத்து நிலமற்றவர்களைக் குடியேற்றும் திட்டத்தை அவர்கள் போல்ஷெவிசம் என்றார்கள். ஹிண்டன்பர்க்கும் அவர்களில் ஒருவர். 1927இல் எண்பதாவது பிறந்தநாள் பரிசாக, பழைய குடும்பப் பண்ணையான நொய்டெக்கைப் பணக்காரர்கள் நிதி திரட்டி வாங்கி அவருக்குக் கொடுத்திருந்தார்கள், வாரிசு வரி வராமலிருக்கப் பத்திரம் மகன் ஆஸ்கரின் பெயரில் எழுதப்பட்டது.

1932 ஜூலைத் தேர்தலில் நாஜிகள் 230 இடங்களோடு தனிப்பெரும் கட்சியானார்கள். ஆகஸ்ட் 13இல் ஹிட்லர் முழு ஆட்சியையும் கேட்டபோது, ஒரே கட்சியிடம் எல்லா அதிகாரத்தையும் ஒப்படைப்பதைக் கடவுளுக்கும் மனசாட்சிக்கும் நாட்டுக்கும் முன்னால் நியாயப்படுத்த முடியாது என்று ஹிண்டன்பர்க் மறுத்தார். இந்த மறுப்பை முன்வைத்துத்தான் என் அண்ணன் மகனிடம் கேட்டேன்: தம்பி, ஆகஸ்டில் இவ்வளவு தெளிவாகப் பேசியவர் ஜனவரியில் தெளிவிழந்துபோனாரா? நவம்பர் தேர்தலில் நாஜிகள் 34 இடங்களை இழந்து 196க்கு இறங்கியிருந்தார்கள். அலை இறங்கும்போதுதான் அவர் கதவைத் திறந்தார். அப்போதைய தலைமை அமைச்சர் ஷ்லைஷரின் அரசைக் கவிழ்க்க, அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த பாப்பன் ஜனவரி 4இல் கொலோனில் ஹிட்லரைச் சந்தித்தார், 22இல் மகன் ஆஸ்கரும் செயலர் மைஸ்னரும் ஹிட்லரைச் சந்தித்தார்கள், அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து மூன்று நாஜிகள்தான், மற்றவர்கள் நம் ஆட்கள் என்று முதியவரிடம் சொன்னார்கள். 1933 ஜனவரி 30இல் பிரமாணம் நடந்தது. சுற்றியிருந்தவர்களின் பேச்சு அவரை இழுத்தது உண்மை. ஆனால் அவர் இழுபடச் சம்மதித்தது, தேசிய வலதுசாரிகள் அனைவரும் ஒன்றுசேர்ந்த ஓர் அரசை அவரே நெடுநாளாக விரும்பியதால்.

இங்கே நம்மவர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொண்டுவிற்கப் போன காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார், ரங்கூனிலோ மோல்மேனிலோ கடையை நடத்துபவர் மேலாள். பவர்ப் பத்திரம் வாங்கிக்கொண்டு போகிற மேலாள், கையெழுத்தை முதலாளியின் விலாசத்தில்தான், அதாவது அவர் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளில்தான் போட வேண்டும், அந்த இரண்டு மூன்று எழுத்துகளுக்காகத்தான் வங்கி பணம் கொடுக்கும். கடை முறிந்தால், எல்லாம் மேலாள் செய்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது, சொன்னால் ஊரில் யாரும் அவர் வீட்டுப் படியேற மாட்டார்கள். லூடன்டார்ஃப், புரூனிங், பாப்பன், ஹிட்லர் என்று மேலாள்கள் மாறினார்கள். விலாசம் ஹிண்டன்பர்க்குடையதாகவே இருந்தது.

நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், பிப்ரவரி 28இல், பேச்சு, எழுத்து, கூட்டம், தனிமனித விடுதலை என்ற உரிமைகளையெல்லாம் நிறுத்திவைத்த ஆணையில் அவர் கையெழுத்திட்டார், அது 1945 வரை நீக்கப்படவே இல்லை. மார்ச் 21இல் பாட்ஸ்டாம் தேவாலயத்துக்கு வெளியே, தளபதிச் சீருடையில் நின்ற அவர் முன் கோட்டணிந்த ஹிட்லர் தலை தாழ்த்திக் கைகுலுக்கிய படம் நாடெங்கும் அச்சாகிப் பரவியது. பழைய ஜெர்மனி புதிய ஜெர்மனியை ஆசீர்வதித்தது என்று மக்கள் அதைப் படித்தார்கள். இரண்டு நாள் கழித்து, சட்டமியற்றும் அதிகாரம் முழுவதையும் அரசுக்கே கொடுக்கும் சட்டம் 444க்கு 94 என்று நிறைவேறியபோது அதற்கும் கையெழுத்து. ஏப்ரல் 4இல், போர்முனையில் நின்ற யூத வீரர்களையும், போரில் தந்தையையோ மகனையோ இழந்த யூதர்களையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று ஹிட்லருக்குக் கடிதம் எழுதினார், மூன்று நாளில் வந்த சட்டத்தில் அந்த விலக்கு சேர்க்கப்பட்டது. இதை அவர் ஆதரவாளர்கள் அவர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது நேர்மாறானதையே காட்டுகிறது. அவர் ஒரு கடிதம் எழுதினால் சட்டம் வளைந்தது, அந்த அளவு வலிமை அப்போதும் அவரிடம் இருந்தது, மற்ற யூதர்களுக்காக அதை அவர் செலவிடவில்லை.

1934 ஜூன் 30இல் ஹிட்லர் தன் எதிரிகளைக் கொன்று குவித்தபோது, முன்னாள் தலைமை அமைச்சர் ஷ்லைஷரும் அவர் மனைவியும் தம் வீட்டிலேயே சுடப்பட்டார்கள். ஹிண்டன்பர்க் பெயரில் போனது பாராட்டுத் தந்தி. ஆகஸ்ட் 2ஆம் நாள் நொய்டெக்கில் எண்பத்தாறு வயதில் இறந்தார். அவர் மூச்சு நிற்பதற்கு முந்தைய நாளே, குடியரசுத் தலைவர், தலைமை அமைச்சர் என்ற இரு பதவிகளையும் ஹிட்லரிடம் சேர்க்கும் சட்டம் தயாராகிவிட்டிருந்தது. அந்த மாதம் 18இல் மகன் ஆஸ்கர் வானொலியில் ஹிட்லரே தந்தையின் வாரிசு என்று பேசினார், மறுநாள் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆதரவு. இறந்த பிறகும் இரவல் போனது அந்தப் பெயர்.

எளிமையாகப் புதைக்கப்பட விரும்பியவரை, டானென்பர்க் நினைவுக் கோட்டையில் பெரும் ஆரவாரத்தோடு ஹிட்லர் அடக்கம் செய்தான். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது சவப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிய ஜெர்மானியர்களே அந்தக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உப்புச் சுரங்கம் ஒன்றில் ஒளித்துவைத்திருந்த பெட்டியை அமெரிக்க வீரர்கள் கண்டெடுத்தார்கள், 1946இல் மார்பர்க் நகரின் புனித எலிசபெத் தேவாலயத்தில் அடக்கினார்கள். முன்ஸ்டர் நகரம் 2012இல் அவர் பெயரிலிருந்த சதுக்கத்தை மாற்றியது, மக்கள் வாக்கெடுப்பும் அதை உறுதிசெய்தது. பெர்லின் 2020இல் அவரைக் கௌரவக் குடிமக்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. வட ஜெர்மனியின் சில்ட் தீவுக்கு ரயில் செல்லும் கடல் அணை இன்னும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சதுக்கங்களின் பெயரைவிட முக்கியமானது, 1949இல் மேற்கு ஜெர்மனி எழுதிக்கொண்ட அரசமைப்பு. அதை எழுதியவர்களின் கண்முன் ஹிண்டன்பர்க் நின்றிருக்க வேண்டும். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, அதற்கென்று கூடும் ஓர் அவையே தேர்ந்தெடுக்கிறது. படைக்குத் தலைமை அவரிடம் இல்லை. 48ஆம் பிரிவு போன்ற ஒன்று அவருக்குக் கிடையாது. தலைமை அமைச்சரை அவர் விருப்பப்படி நீக்க முடியாது, நாடாளுமன்றம் நீக்குவதென்றாலும், அடுத்தவரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்த பிறகே நீக்கலாம். நம் ஊரில் ஆளுநரின் அதிகாரம் எவ்வளவு, குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்கு என்ன பொருள் என்று விவாதம் வரும்போதெல்லாம், என் அண்ணன் மகனைப் போல் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஜெர்மனியின் இந்த இரண்டு அரசமைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பிரிவு எண்களோடு ஒரு குறிப்பை அவனுக்காக எழுதத் தொடங்கியிருக்கிறேன், முடிந்ததும் இங்கே போடுகிறேன்.